படிக்கும்போது சில்அவுட் இசை பாதியில் நிற்கிறது, நடுவில் சத்தம் எகிறுகிறது. என்ன செய்யலாம்?

கொழிஞ்சாம்பாறை_பிஎஸ்சி (கேள்வி):
வணக்கம். கேரள பிஎஸ்சி (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வைத் தமிழ் வினாத்தாளில் எழுதப் படிக்கிறேன். இரவில் மூன்று மணி நேரம், ஆண்ட்ராய்டு போன், வயர் இயர்போன். மூன்று தொல்லை:

1. ஸ்கிரீன் அணைந்து கொஞ்ச நேரத்தில் இசை நின்றுவிடுகிறது.
2. நானே சேர்த்த 50 நிமிட மிக்ஸில் ஒரு டிராக் அமுங்கியும் அடுத்தது எகிறியும் வருகிறது. ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில், சத்த அளவைச் சமப்படுத்தும் லவுட்னஸ் நார்மலைசேஷன் போட்டும் அப்படியேதான் இருக்கிறது.
3. கணக்குப் போடும்போது இசை துணையாக இருக்கிறது. ஆண்டுகளை மனப்பாடம் செய்யும்போது மட்டும் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

வேலந்தாவளம்_சவுண்ட்:
தம்பி, முதல் தொல்லைக்கு ஒரு சோதனை. போனில் இறக்கிவைத்த கோப்பை ஏரோப்ளேன் மோடில் ஓடவிட்டு, ஸ்கிரீனை அணைத்து 40 நிமிடம் விடுங்க. அப்பவும் நின்றால் பேட்டரி சேமிப்புதான் பிளேயரைக் கொல்லுது. செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் உங்க பிளேயர், அதில் பேட்டரி, 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்க. பிளேயரில் ஸ்லீப் டைமர் மறந்துபோய் ஓடுதான்னும் ஒரு தடவை பாருங்க. நிற்காமல் ஓடினால் கோளாறு நெட்வொர்க்கில்.

கொழிஞ்சாம்பாறை_பிஎஸ்சி:
40 நிமிடமும் ஓடியதுங்க அண்ணா. நெட்டில் கேட்கிற ஸ்ட்ரீம் மட்டும்தான் நிற்கிறது. போன் மேலே 'ஆர்' எழுத்து வந்து வந்து போகிறது.

வேலந்தாவளம்_சவுண்ட்:
அதுதான் விஷயம். கேரளாவும் தமிழ்நாடும் தனித்தனி டெலிகாம் வட்டம். கொழிஞ்சாம்பாறை மாதிரி எல்லையோரத்தில் போன் இரண்டு பக்க டவருக்கும் மாறி மாறித் தாவும். அந்த 'ஆர்' ரோமிங் குறி. டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் அந்தப் பக்கம் தாவியதும் டேட்டா கட். முதலில் அதை ஆன் பண்ணுங்க. ஆன் பண்ணினாலும் தாவுகிற நேரத்தில் சில விநாடி இடைவெளி விழலாம், பஃபர் (முன்கூட்டியே இறக்கி வைக்கிற பகுதி) சின்னதாக இருந்தால் பிளேயர் நின்றுவிடும். அதனால் பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு இறங்குகிற டேட்டா அளவைக் குறையுங்க. 128 கேபிபிஎஸ் என்றால் மணிக்கு சுமார் 58 எம்பி, 64 என்றால் 29 எம்பி. பின்னணியில் மெதுவாக நீண்டு ஒலிக்கிற இசைக்கு 64 தாராளம்.

சோமா எஃப்எம் என்ற சான்பிரான்சிஸ்கோ இணைய வானொலியில் விளம்பரமே கிடையாது, கேட்பவர்கள் தரும் நன்கொடையில் ஓடுது. அதில் 'குரூவ் சாலட்' மெதுவான தாளம், 'ட்ரோன் ஸோன்' பெரும்பாலும் தாளம் இல்லாதது. போனை மேசையில் ஒரே இடத்தில் வையுங்க. கையில் எடுத்துக்கொண்டு அறை மாறினால் டவரும் மாறலாம்.

சித்தூர்_டேப்:
இரண்டாவது தொல்லைக்கு நான் சொல்றேன். ஒட்டி முடித்த மிக்ஸ் மேல் நார்மலைசேஷன் போட்டிருப்பீங்க. அது கோப்பு முழுவதையும் ஒரே அளவில் ஏற்றும், இல்லை இறக்கும். உள்ளே இருக்கிற மேடுபள்ளம் அப்படியேதான் இருக்கும். ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியாகச் செய்யணும்.

ஒவ்வொரு பாட்டையும் தனி டிராக்காக இம்போர்ட் செய்யுங்க. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து எஃபெக்ட் மெனுவில் லவுட்னஸ் நார்மலைசேஷன், அளவு மைனஸ் 20 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கிற சத்தத்தின் அலகு). பிறகு அடுத்தது. எல்லாம் முடிந்ததும் ஒன்றின் கடைசி 8 விநாடி மேல் அடுத்ததன் முதல் 8 விநாடி ஏறுகிற மாதிரி நகர்த்தி, அந்த இடத்தை இரண்டு டிராக்கிலும் தேர்ந்தெடுத்து 'கிராஸ்ஃபேட் டிராக்ஸ்' கொடுங்க, ஒன்று அமுங்க அடுத்தது ஏறும். 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக எக்ஸ்போர்ட் செய்தால் 50 நிமிடத்துக்கு 48 எம்பி.

ஒரு இடத்தில் இது ஏமாற்றும். மெதுவாகத் தொடங்கி கடைசியில் பொங்குகிற டிராக்கில் சராசரி சரியாக வரும், முடிவு மட்டும் காதில் இடிக்கும். அதற்கு ஆடாசிட்டியில் சத்தத்தை இடத்துக்கு இடம் ஏற்றி இறக்குகிற என்வலப் கருவியால் கடைசிப் பகுதியைக் கையாலேயே இறக்குங்க. ஒரே பட்டன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாது.

பொள்ளாச்சி_ரோடு:
மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுது. வரிசையாக மனப்பாடம் செய்யும்போது, மாறிக்கொண்டே இருக்கிற ஒலிதான் நினைவைக் கெடுக்குது. மொழி புரியணும்னு அவசியமில்லை. 1976-ல் கோல்லே, வெல்ஷ் இருவரும் செய்த ஆய்வில், ஜெர்மன் தெரியாதவர்களுக்கே பின்னணியில் ஓடிய ஜெர்மன் பேச்சு நினைவைக் கெடுத்தது. அதனால் தெரியாத மொழிப் பாட்டு என்றாலும் குரல் உள்ளது வேண்டாம். சத்தத்தைக் குறைத்தாலும் பெரிசாகத் தப்ப முடியாது. சீராக நீள்கிற ஒலியோ ஏறக்குறைய தொந்தரவே தராது.

'போர்ட்ஸ் ஆஃப் கனடா' இசைக் குழுவின் 1998 ஆல்பம் எல்லாப் பட்டியலிலும் இருக்கும். நல்ல இசைதான். ஆனால் அதில் 'அக்வேரியஸ்' டிராக்கில் ஒரு குரல் எண்களைச் சொல்லிக்கொண்டே போகும். 1857-ஐயும் 1921-ஐயும் மனதில் நிறுத்தப் பார்க்கும்போது அதைவிடக் கெட்ட துணை வேறு இல்லை. அதே ஆல்பம் கணக்குக்குக் கைகொடுக்கலாம்.

மனப்பாடத்துக்கு பிரையன் ஈனோவின் 1978 விமான நிலைய இசை ஆல்பத்தைப் போட்டுப் பாருங்க. அதில் 2/1 என்ற பகுதியில் சொல்லே இல்லாத குரல் ஸ்வரங்கள் தனித்தனி டேப் வளையத்தில் சுற்றுது. ஒன்று 23.5 விநாடிக்கு ஒருமுறை, இன்னொன்று சுமார் 26, இன்னொன்று சுமார் 30. அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் 'அடுத்து இது வரும்' என்று காது காத்திருக்காது. கணக்குக்கு டைக்கோவின் 2011 'டைவ்' மாதிரி சீரான ட்ரம் உள்ளது போதும்.

சுருக்கமான விதி: வரிசையாக நினைவில் வைக்கணும்னா தாளம் வேண்டாம், கையால் போட்டுப் பழகுற வேலைன்னா தாளம் இருக்கட்டும். ரொம்பக் கடினமான பகுதிக்கு இசையையே நிறுத்துங்க.

கொழிஞ்சாம்பாறை_பிஎஸ்சி:
டேட்டா ரோமிங் ஆன், 64 கேபிபிஎஸ். இன்று மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடியது. மிக்ஸும் சமமாகிவிட்டது. ரோட்டுச் சத்தம், செண்டை மேளச் சத்தம் இரண்டுக்கும் வழி உண்டா?

சித்தூர்_டேப்:
ரோட்டுச் சத்தத்துக்கு உண்டு. ஆடாசிட்டியில் ஜெனரேட், நாய்ஸ், பிங்க் (சீரான இரைச்சல்) தேர்ந்தெடுத்து ஆம்ப்ளிட்யூட் 0.05 கொடுத்து மிக்ஸுக்கு அடியில் போடுங்க. சின்னச் சின்னச் சத்தம் அதில் கரைந்துவிடும். செண்டைக்கு அது பலிக்காது. ஒவ்வொரு அடியும் சட்டென்று எகிறி இறங்குது, மூடணும்னா இரைச்சலை அதே அளவுக்கு ஏற்றணும், அது காதுக்குக் கெடுதல். கொங்கன்படைத் திருவிழா நாளில் நம்ம பாலக்காட்டுச் சித்தூரில் ராத்திரி மனப்பாடமே வேண்டாம், பழைய வினாத்தாள் போட்டுப் பாருங்க.

வேலந்தாவளம்_சவுண்ட்:
இயர்போன் ரப்பரையும் பாருங்க தம்பி. பாஸ் மெலிந்து கேட்டால் ரப்பர் காதை அடைக்கவில்லை என்று அர்த்தம். அந்த ஓட்டை வழியாகத்தான் வெளிச் சத்தம் நுழையுது, நாமும் வால்யூமை ஏற்றிக்கொண்டே போறோம். காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகுங்க. அப்பவும் மெலிவாக இருந்தால் பெட்டியோடு வந்த அடுத்த அளவு ரப்பரை மாட்டுங்க. சரியாக உட்கார்ந்ததும் வால்யூமை இரண்டு மூன்று புள்ளி இறக்கலாம்.

கொழிஞ்சாம்பாறை_பிஎஸ்சி:
பெரிய ரப்பர் மாட்டினேன், பாஸ் வந்துவிட்டது. வால்யூம் 9-லிருந்து 6-க்கு இறங்கியது. மூவருக்கும் ரொம்ப நன்றிங்க.