சியம் ரீப்பிலிருந்து பட்டாம்பாங்குக்குத் தனிப் படகு: ஜனவரியில் தண்ணீர் போதுமா?

ஆற்றுவழி கேட்டது:

வணக்கம். ஜனவரி இரண்டாம் வாரம் கம்போடியாவில் சியம் ரீப்பிலிருந்து பட்டாம்பாங் போகிறோம். மொத்தம் 6 பேர். இரண்டு பேர் எழுபதைத் தாண்டியவர்கள், ஒரு பையனுக்கு 8 வயது. காரில் போனால் மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று தெரியும். இருந்தாலும் டோன்லே சாப் ஏரியைக் கடந்து சங்கே ஆற்றில் ஏறிப் போகிற வழியைத்தான் பார்க்க ஆசை. எல்லோரும் ஏறுகிற படகு வேண்டாம், தனிப் படகு பேசிக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம்.

அந்தச் சமயத்தில் ஊர் வரைக்கும் தண்ணீர் இருக்குமா? படகுக்காரரிடம் என்னென்ன பேசி வைக்க வேண்டும்? பெரியவர்களால் தாங்க முடியுமா? வழியில் பிரெக் தோவால் சரணாலயத்துப் பறவைகளையும் பார்த்துவிட முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நீர்மட்டம்:

ஜனவரி நடு என்பது இரண்டுங்கெட்டான் காலம். ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்ற கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த வழியில் இரண்டு வேறு தண்ணீர் இருக்கிறது. ஒன்று ஏரித் தண்ணீர். ஜூன் வாக்கில் மேகாங் ஆறு பெருகியதும், அதை ஏரியோடு இணைக்கிற டோன்லே சாப் ஆறு எதிர்த்திசையில் ஓடி ஏரியை நிரப்பும். கோடையில் ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடக்கும் ஏரி, மழைக்காலம் முடிகிறபோது 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்துவிடும். ஒரு மீட்டர் ஆழம் இருந்த இடத்தில் எட்டு, ஒன்பது மீட்டர் நிற்கும். செப்டம்பர், அக்டோபரில் உச்சம். பிறகு மேகாங் இறங்க, ஏரி வடியத் தொடங்கும். நவம்பரில் கம்போடியர்கள் எடுக்கிற தண்ணீர்த் திருவிழா இந்தத் திருப்பத்தை ஒட்டியதுதான். ஏரி நிறைந்திருக்கும் வரை அதன் தண்ணீர் சங்கே ஆற்றின் கீழ்ப்பகுதிக்குள் பின்னோக்கி ஏறி நிற்கும்.

இரண்டாவது, சங்கே ஆற்றின் சொந்தத் தண்ணீர். அது கார்டமம் மலைப் பக்கம் பெய்கிற மழையில் வருகிறது. நவம்பரோடு மழை ஓய்ந்ததும் பட்டாம்பாங்கை ஒட்டிய மேல்பகுதிதான் முதலில் வற்றும். அதனால்தான் ஜனவரியில் ஏரிமுனையில் படகு சுகமாகப் போகும், கடைசித் தொலைவில் மணலிலும் சேற்றிலும் தட்டும். அக்டோபரில் 5, 6 மணி நேரத்தில் முடிகிற வழி ஜனவரியில் 7 முதல் 9 மணி நேரம் ஆகலாம். மார்ச் தாண்டினால் பெரும்பாலும் பாதி வழியில் இறக்கி வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

மாதத்தை மட்டும் நம்பாதீர்கள். 2019, 2020 இரண்டு வருடமும் வெள்ளம் தாமதமாக வந்தது, குறைவாகவும் வந்தது. அந்த மாதிரி வருடத்தில் ஜனவரி, வழக்கமான மார்ச் போல ஆகிவிடும். மேகாங் ஆற்று ஆணையம் டோன்லே சாப் ஆற்றில் உள்ள பிரெக் கிடாம் அளவுகோலின் நீர்மட்டத்தைத் தன் இணையதளத்தில் போடுகிறது. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து பார்த்துவந்தால் ஏரி எவ்வளவு வேகமாக வடிகிறது என்று பிடிபடும். ஆனால் அது ஏரியைப் பற்றித்தான் சொல்லும், சங்கேயின் மேல்பகுதியைச் சொல்லாது. அதற்கு ஒரே வழி, படகுத்துறையில் இப்படிக் கேட்பதுதான்: "நேற்றுப் போன படகு ஆட்களை எங்கே இறக்கியது?" "பட்டாம்பாங் போகுமா?" என்று கேட்டால் எல்லோரும் "போகும்" என்றுதான் சொல்வார்கள்.

---

துடுப்பு:

மேலே சொன்னது அத்தனையும் சரி. பேச்சுவார்த்தை பற்றி நான் சேர்க்கிறேன்.

தனிப் படகின் கூலி "ஒரு வழி" என்று சொல்லப்பட்டாலும் அதில் திரும்பும் வழி எண்ணெயும் அடக்கம். படகு காலியாகத்தான் திரும்ப வேண்டும், அன்றே திரும்பவும் முடியாது. அதனால் ஒருவர் மட்டும் பாதி விலை சொன்னால் சந்தேகப்படுங்கள். ஒன்று, நடுவழியில் எண்ணெய்க்குக் காசு கேட்பார். இல்லையென்றால் பாக் பிரியா போன்ற ஓர் ஊரில் இறக்கிவிட்டு "இவ்வளவுதான் தண்ணீர்" என்பார்.

தங்கும் விடுதியில் கெமர் மொழி எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி ஒரே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எங்கே இறக்குவது என்ற இடத்தின் பெயர், அங்கே வரை போக முடியாவிட்டால் கார் யார் ஏற்பாடு, யார் செலவு, எண்ணெய் உட்படத்தானா, எங்கெங்கே எவ்வளவு நேரம் நிற்பது, கிளம்பும் மணி. பாதிப் பணம் ஏறும்போது, மீதி இறங்கியபிறகு. டாலர் கொடுக்கலாம், ஆனால் ஓரம் சிறிது கிழிந்திருந்தால்கூட வாங்க மாட்டார்கள். சில்லறை ரியெலில்தான் வரும். ஒரு டாலருக்கு 4,000 ரியெல் என்று கணக்கு வைத்துக்கொண்டால் தவறாது.

முந்தைய நாள் மாலை படகை நேரில் பாருங்கள். படத்தைக் காட்டி முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 6 பேருக்கு 10, 12 பேர் உட்காரும் படகு வேண்டும், மூட்டைகளும் இருக்கின்றனவே. எல்லோரும் ஏறிய பிறகு தண்ணீருக்கும் படகின் விளிம்புக்கும் நடுவே ஒரு முழமாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஏரியில் அலை உள்ளே விழும்.

எஞ்சினை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பல படகுகளில் பழைய கார் எஞ்சினைப் பொருத்தி நீளமான தண்டு வழியாகச் சுழலியை ஓட்டுகிறார்கள். குளிர்விப்பதற்கு ஆற்றுத் தண்ணீரையே இழுத்து ஒரு குழாய் வழியாக வெளியே விடும் அமைப்பு இருந்தால், அந்தக் குழாயில் தண்ணீர் விடாமல் கொட்ட வேண்டும். விட்டுவிட்டு வந்தால் உறிஞ்சும் வாயில் சேறோ இலையோ அடைத்திருக்கிறது. ஏரி ஆழம் குறைந்த பிறகு அடிச்சேறு கலங்கி இந்த அடைப்பு அடிக்கடி வரும், எஞ்சின் சூடேறி நிற்கும்.

இன்னொன்று ஆகாயத்தாமரை. ஆற்றுவாயில் திட்டுத் திட்டாக மிதந்து வழியை மூடும். வேர் சுழலியில் சுற்றினால் எஞ்சின் சத்தம் கனத்து இறங்கும், படகு வேகம் போய்விடும். அப்போது முடுக்கினால் தண்டு வளையும் அல்லது ஆணி முறியும். தெரிந்தவர் உடனே நிறுத்தி, தண்டைத் தூக்கிக் கத்தியால் வேரை அறுத்தெடுப்பார். ஐந்து நிமிட வேலை. தண்டு தூக்க முடியாத படகு என்றால் ஒருவர் தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே படகில் கத்தி, நீண்ட மூங்கில் கழி இரண்டு, உபரிச் சுழலி, தண்ணீர் இறைக்கும் வாளி, கூட ஓர் உதவியாள் இருக்கிறார்களா என்று பாருங்கள். தனியாளாக ஓட்டுகிறவர் வேண்டாம்.

மிதவை அங்கியைக் கணக்குப் பார்ப்பது மட்டும் போதாது. பையனுக்குப் பொருந்துகிற சிறிய அளவு இருக்கிறதா? பெரியவர் அங்கியைப் போட்டுவிட்டால் தண்ணீரில் அது தலைக்கு மேலே கழன்று போகும். துறையில் இல்லையென்றால் ஊரிலிருந்தே வாங்கிப் போங்கள்.

---

ஆற்றுவழி:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். பட்டாம்பாங்கிலிருந்து சியம் ரீப்புக்கு வந்தால் நீரோட்டத்தோடு இறங்கலாமே, அது சீக்கிரம் இல்லையா? பயணத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ள எங்களால் முடியும்.

---

கரைமேடு:

கொஞ்சம் சீக்கிரம்தான். ஆனாலும் உங்கள் முதல் திட்டத்தையே வைத்துக்கொள்ளுங்கள். காரணம் ஏரி. காலையில் ஏரி அடங்கிக் கிடக்கும், நேரம் ஏற ஏறக் காற்று எழும். ஆழம் குறைந்த ஏரியில் அலை நீண்டு புரளாது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அடிக்கும். முதுகுவலிக்காரர்களுக்கு அது பெரிய சோதனை. சியம் ரீப்பிலிருந்து கிளம்பினால் ஏரியைக் காலையிலேயே கடந்துவிட்டு, பிற்பகல் முழுவதும் இருபக்கமும் கரை உள்ள ஆற்றில் இருப்பீர்கள். பட்டாம்பாங்கிலிருந்து வந்தால் களைத்த நேரத்தில் அந்த அலையில் மாட்டுவீர்கள்.

ஏறும் துறை நொம் குரோம் மலையடியில் உள்ள சோங் க்னியாஸ் பக்கம். ஊரிலிருந்து 12 கிலோமீட்டருக்குக் குறையாது. தண்ணீர் வடிய வடிய ஏறும் இடமும் ஏரியை நோக்கி நகரும், எனவே டுக்டுக் எந்த இடத்துக்கு வர வேண்டும் என்று முந்தைய இரவே உறுதி செய்யுங்கள்.

பறவை விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. பிரெக் தோவால் மிதவைக் கிராமம் உங்கள் வழியிலேயே, ஆற்றுவாயில் இருக்கிறது. துறையிலிருந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். ஆனால் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, பெருநாரை கூடு கட்டுகிற இடம் கிராமத்தில் இல்லை, வெள்ளக்காட்டுக்குள் தள்ளி இருக்கிறது. அங்கே போகத் தனி நுழைவுக் கட்டணம், சிறிய படகு, காவலரோடு போக வேண்டும். போய் வர அரை நாள் பிடிக்கும். அதை முடித்துவிட்டு அன்றே பட்டாம்பாங் போகலாம் என்று யாராவது சொன்னால், இருட்டில் ஆற்றில் நிற்பீர்கள். பறவை முக்கியம் என்றால் கிராமத்தில் வீட்டுத் தங்கல் இருக்கிறது. ஒரு இரவு தங்கி, விடிகாலையில் பறவை பார்த்துவிட்டு அடுத்த நாள் ஆற்றில் ஏறுங்கள். மாதம் உங்களுக்குச் சாதகம்: டிசம்பர் முதல் மார்ச் வரைதான் கூட்டம் கூட்டமாகச் சேரும். தங்காவிட்டாலும், வழியிலேயே பாம்புத்தாராவும் நீர்க்காகமும் நாரையும் போதும் போதும் என்கிற அளவு தெரியும்.

ஒரு வேண்டுகோள். கிராமத்துக்குள் படகை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். அந்த வீடுகள் மிதக்கின்றன. உங்கள் படகின் அலை ஒரு வீட்டின் அடுப்பில் இருக்கிற சோற்றுப் பானையைச் சாய்க்கும். தனிப் படகில் இதைச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

---

செங்கடம்பு:

பெரியவர்களை வைத்துச் சில குறிப்புகள்.

ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், படகு மேற்கு, தென்மேற்காகப் போகிறது. ஆகவே வெயில் பெரும்பாலும் இடப்பக்கம். ஆற்றின் வளைவுகளில் மாறி மாறி வந்தாலும், வலப்பக்கத்து இருக்கையைப் பெரியவர்களுக்குக் கொடுங்கள். படகின் நடுப்பகுதிதான் நல்லது. முன்னே சாரல், பின்னே எஞ்சின் சத்தமும் புகையும். காதுக்குப் பஞ்சு அவசியம். பலகை இருக்கையில் எட்டு மணி நேரம் என்பதால் ஆளுக்கொரு திண்டு கட்டாயம். காலையில் ஏரியில் குளிர்காற்று நன்றாகவே அடிக்கும், சால்வை கைக்கு எட்டும்படி இருக்கட்டும்.

சிறிய தனிப் படகில் கழிவறை இருக்காது. இதை யாரும் முன்னால் சொல்வதில்லை. பிரெக் தோவாலில் ஒரு முறை, பிறகு ஆற்றோரக் கடையில் ஒரு முறை நிற்க வேண்டும் என்று அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். கடையில் குளிர்பானமும் நூடுல்ஸும் கிடைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சியம் ரீப்பிலேயே ரொட்டி, பழம், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் வாங்கிவிடுங்கள்.

ஆறு குறுகுகிற இடத்தில் இரண்டு பக்கக் கிளையும் படகுக்குள் வரும். முள் நிறைந்த தொட்டாற்சுருங்கிப் புதர் அங்கே அளவில்லாமல் பரவியிருக்கிறது, அது வெறும் கையை நீளமாகக் கீறிவிடும். மரக்கிளையோடு சில சமயம் முசுறு எறும்பும் உள்ளே கொட்டும். முழுக்கைச் சட்டை போடுங்கள். பையன் கையையோ தலையையோ வெளியே நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படகுக் கூரைமேல் ஏறவே வேண்டாம், கிளை அடித்தால் தண்ணீரில்தான் விழ வேண்டும்.

கடைசியில் ஒன்று. தண்ணீர் இறங்கிய காலத்தில் பட்டாம்பாங் கரை உயரமாக நிற்கும். ஒற்றைப் பலகையில் நடந்து, சேற்றுப்படியில் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பயணம் முழுவதையும்விட இந்த ஐந்து நிமிடம்தான் கடினம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள், செருப்பு வாரோடு இருக்கட்டும்.

---

நீர்மட்டம்:

இத்தனையும் படித்துவிட்டு என் கருத்தைக் கேட்டால்: எழுபது தாண்டியவர்களோடு, நடு ஜனவரியில், முழு வழியையும் படகிலேயே போவது என்று பிடிவாதம் வேண்டாம். ஏரி, பிரெக் தோவால், அதற்கு மேல் நான்கைந்து மணி நேர ஆறு என்று படகில் போய், சாலை வந்து சேரும் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இறங்கிக் காரில் பட்டாம்பாங் போய்விடலாம். பார்க்க வேண்டியவை கீழ்ப்பகுதியில்தான் இருக்கின்றன: மிதவை வீடுகள், மீன் கூண்டுகள், பாதி மூழ்கி நிற்கிற செங்கடம்பு மரங்கள். பட்டாம்பாங்கை நெருங்க நெருங்க உயர்ந்த மண்கரையும் வாழைத்தோட்டமும்தான். படகு தட்டித் தட்டி நிற்கிறதும் அங்கேதான். காரை முன்கூட்டியே பேசி, ஓட்டுநரின் எண்ணைப் படகுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். நடுவழியில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால், இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளட்டும்.

பெரிய பெட்டிகளை அன்று காலையே அந்தக் காரில் போட்டு அனுப்பிவிட்டால் படகின் பாரமும் குறையும், அடி தட்டுவதும் குறையும்.

கிளம்பும் மணியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏழு மணிக்குத் துறையை விட்டுப் படகு நகர்ந்திருக்க வேண்டும். ஜனவரியில் மாலை ஆறு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும், அந்தப் படகுகளில் முன்விளக்கு என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது, ஆற்றின் குறுக்கே கட்டியிருக்கிற மீன்வலை இருட்டில் கண்ணுக்குத் தெரியாது.