கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றும் முன் கவனிக்க வேண்டியவை எவை?

புதுச்சாவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளாக ஓட்டிவரும் என் காரில், வண்டியோடு வந்த ஸ்டீரியோ சி.டி.யை வாங்க மறுத்து நெடுநாளாகிவிட்டது. இப்போது ஒலியளவுத் திருகும் கெட்டுவிட்டதால், கூட்டுவதற்குத் திருப்பினால் சில வேளைகளில் குறைகிறது. எனவே ப்ளூடூத் வசதியுள்ள இரட்டை டின் அளவுத் தொடுதிரை ஒன்றையும், அதற்கான முகப்புச் சட்டத்தையும், வண்டியின் கப்ளருக்கும் (ஒயர்கள் வந்து சேரும் செருகி) புதிய கருவிக்கும் நடுவே போடும் இணைப்பு ஹார்னஸையும் வாங்கி வைத்திருக்கிறேன். வேலையை நானே செய்து பார்க்க விரும்புகிறேன்.

ஆனால் டேஷ்போர்டின் நடுப்பகுதியில் எங்கு தேடியும் ஒரு திருகாணிகூடக் கண்ணில் படவில்லை. நெம்பினால் உடைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். மேலும், வண்டியிலிருந்து வரும் ஒயர்களின் நிறங்களும் புதிய கருவியின் கையேட்டில் உள்ள நிறங்களும் ஒத்துப்போகவில்லை. பழைய கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு ஒயர்களை நேரடியாக முறுக்கிச் சுற்றிவிடலாம் என்கிறார் ஒரு நண்பர், அது சரியா? கடைசியாக ஓர் ஐயம்: புதிய கருவியின் அட்டையில் 50 வாட் வீதம் நான்கு என்று அச்சிட்டிருக்கிறார்கள். வண்டியின் பழைய ஸ்பீக்கர்கள் அதைத் தாங்குமா?

ஞாயிறு மெக்கானிக் எழுதியது:

வணக்கம் நண்பரே. திருகாணி தெரியவில்லை என்றால் இல்லை என்று பொருளல்ல. முகப்புப் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் ஸ்டீரியோவைச் சுற்றியுள்ள பலகை பிளாஸ்டிக் கிளிப்புகளால் மட்டுமே பிடித்து நிற்கும். அதை எடுத்த பிறகுதான் கருவியை இரும்புத் தாங்கியோடு பிணைத்திருக்கும் நான்கு திருகாணிகள் தெரியவரும். பழைய ஐரோப்பிய வண்டிகள் சிலவற்றில் மட்டும் கருவியின் இரு ஓரங்களிலும் சிறு துளைகள் இருக்கும். அவற்றில் அதற்கென்றே உள்ள கம்பிச் சாவிகளைச் செருகி உட்பூட்டை விடுவித்து, அப்படியே வெளியே இழுத்துவிடலாம். உங்கள் வண்டியில் துளை இல்லையென்றால் அது கிளிப் வகைதான்.

தொடங்கும் முன் இரண்டு காரியங்கள். முதலாவது, பழைய ஸ்டீரியோவுக்குத் திருட்டுத் தடுப்புக் குறியீடு உண்டா என்று வண்டியின் கையேட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போய்த் திரும்பியதும் அந்த எண்ணைக் கேட்கும் கருவிகள் உண்டு, என்றாவது அதைத் திரும்பப் பொருத்தும்போது தேவைப்படும். இரண்டாவது, சாவியை எடுத்துவிட்டுப் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருங்கள். நடுப்பலகையில் அபாய விளக்குப் பொத்தானும், சில வண்டிகளில் காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கும் இருக்கும். அவற்றின் கப்ளர்களைக் கழற்றிய நிலையில் "ஒருமுறை ஆன் செய்து பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பினால், காற்றுப்பைக் கணினி அதைப் பழுதாகப் பதிந்துகொள்ளக்கூடும். பிறகு ஸ்கேனர் கொண்டு அழிக்கும் வரை அந்த விளக்கு அணையாது. நான் இதைக் கற்றுக்கொண்டது புத்தகத்திலிருந்து அல்ல.

நெம்புவதற்கு இரும்புத் திருப்புளி வேண்டாம். பிளாஸ்டிக் நெம்புகோலை, அது கிடைக்காவிட்டால் துணி சுற்றிய தட்டையான எதையாவது பயன்படுத்துங்கள். கீழ் ஓரத்திலோ பக்கவாட்டிலோ ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி கிடைத்ததும் நெம்புகோலைக் கீழே வைத்துவிட்டு, கையால், கிளிப்புக்கு மிக அருகில் பிடித்து, நேராக உங்களை நோக்கி இழுங்கள். பலகை உடைவது பெரும்பாலும் கிளிப் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு நடுவில் பிடித்து வளைத்து இழுப்பதால்தான். குளிரில் பிளாஸ்டிக் இறுகி எளிதில் முறியும் என்பதால், வண்டி சற்று வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் செய்வது நல்லது. கியர் கம்பிக்கு முன்னால் மெத்தென்ற துணி விரித்துக்கொள்ளுங்கள். கீழே விழும் திருகாணி கியர் கம்பியின் அடிப்பகுதிக்குள் போய்ச் சேர்ந்தால் அரைநாள் அதற்கே சரியாகிவிடும். காந்த முனைத் திருப்புளி அந்தத் தலைவலியைத் தவிர்க்கும்.

புதிய கருவியைப் பக்கவாட்டுத் தாங்கியில் பொருத்தும்போது அதோடு வந்த குட்டைத் திருகாணிகளையே போடுங்கள். நீளமானவை உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையைத் தொட்டுவிடும். முகப்பின் அளவைப் பற்றிக் கவலை வேண்டாம், இரட்டை டின் என்றால் ஏறத்தாழ 180 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரம் என்பது எங்கும் பொது. ஆழம்தான் வண்டிக்கு வண்டி மாறும். இணைப்பு ஹார்னஸின் ஒயர்க் கற்றை முழுவதும் கருவியின் முதுகுக்குப் பின்னால் திரண்டு நின்றால் கடைசி இரண்டு சென்டிமீட்டர் உள்ளே போகவே போகாது. அங்கே பலம் காட்டாமல், கருவியை மீண்டும் வெளியே எடுத்து, கற்றையைக் கீழ்ப்புறத்திலோ பக்கவாட்டிலோ உள்ள வெற்றிடத்துக்குத் தள்ளிவிட்டுப் பொருத்துங்கள்.

செம்புக்கம்பி எழுதியது:

மேலே உள்ளவரின் விளக்கம் முழுமையாக இருப்பதால் ஒயர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கப்ளரை வெட்டாதீர்கள். வெட்டினால் பழைய கருவியைத் திரும்பப் பொருத்தும் வழி அடைபடும் என்பது ஒருபுறம். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு வெயிலிலும் அதிர்விலும் தளர்ந்து, டேப்பின் பசை உருகி, ஒருநாள் உலோகத்தில் உரசும் என்பதே பெரிய காரணம். நீங்கள் வாங்கியிருக்கும் ஹார்னஸ் இருப்பதே இந்த வெட்டைத் தவிர்க்கத்தான்.

புதிய கருவியின் பக்கத்தில் நிறங்கள் பெரும்பாலும் ஒரு வழக்கத்தைப் பின்பற்றும். மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் இருக்கும் நினைவக ஒயர், சிவப்பு சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் பெறுவது, கறுப்பு எர்த், நீலம் ஆன்டெனாவுக்கு, வெள்ளைக் கோடிட்ட நீலம் தனி ஆம்ப்ளிஃபயரை எழுப்புவதற்கு. ஸ்பீக்கர்களில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அவற்றிலேயே கறுப்புக் கோடு போட்டவை அந்தந்த ஸ்பீக்கரின் மைனஸ். வண்டியின் பக்கத்து நிறங்களோ ஒவ்வொரு தயாரிப்பாளரின் விருப்பம். அவற்றை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. நிலையில் வைத்து, பேட்டரியை மீண்டும் இணைத்து, ஒவ்வொரு முனையையும் சாவி திருப்பிய நிலையிலும் எடுத்த நிலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். (ஞாயிறு மெக்கானிக் சொன்னபடி, கழற்றிய பொத்தான் கப்ளர்களை அளக்கும் நேரத்துக்கு மட்டும் திரும்பச் செருகிவிடுங்கள்.) புதிய வண்டிகள் சிலவற்றில் சாவியின் நிலையைச் சொல்லும் தனி ஒயரே இராது, அந்தச் செய்தி கேன் பஸ் (வண்டியின் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொது ஒயர்த் தொடர்பு) வழியாக வரும், அதற்கு வேறு வகை அடாப்டர் வேண்டும். பதினோரு ஆண்டு வண்டியில் இரண்டில் எதுவும் இருக்கலாம், அளந்தால் தெரிந்துவிடும்.

ஸ்பீக்கர் மைனஸ் ஒயர்களை எக்காரணம் கொண்டும் எர்த்தோடு சேர்க்கக் கூடாது. இன்றைய கருவிகளின் உள் ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்குகிறது. எர்த்தை ஒப்பிட்டு அளந்தால் இரண்டிலுமே பேட்டரி மின்னழுத்தத்தில் ஏறத்தாழப் பாதி, அதாவது 6 வோல்ட் வரை இருக்கும். அதை வண்டியின் உலோக உடலோடு இணைத்தால் ஆம்ப்ளிஃபயர் சில்லு எரிய வாய்ப்புண்டு.

50 வாட் என்பதைப் பார்த்து ஸ்பீக்கர்களுக்காக இரங்க வேண்டாம். வண்டி ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். அதை முழுவதும் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் செலுத்த முடிந்தாலும், சிதைவற்ற ஒலியில் கணக்குப்படி 26 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் அதிலும் குறைவு. அட்டையில் உள்ளது சிதைவையும் சேர்த்துக் காட்டும் உச்ச எண். உங்கள் வண்டியில் தனி ஆம்ப்ளிஃபயரோ 2 ஓம் ஸ்பீக்கரோ இருந்தால் மட்டும் கதை வேறு. ஸ்பீக்கரின் முதுகில் எத்தனை ஓம் என்று பார்த்துவிடுங்கள்.

புதுச்சாவி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பலகை ஒரு கீறலும் இன்றிக் கையோடு வந்தது. நீங்கள் சொன்ன அந்தக் கடைசி இரண்டு சென்டிமீட்டர் மட்டும் ஒரு மணி நேரத்தை விழுங்கியது. அளவு எடுக்கச் சொன்னதை, ஹார்னஸ் அப்படியே பொருந்திவிட்டதால், அவசரத்தில் விட்டுவிட்டேன். கருவி நன்றாகப் பாடுகிறது. ஆனால் இரண்டு குறைகள்: வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்ததும் கடிகாரமும் சேமித்த நிலையங்களும் அழிந்துவிடுகின்றன; பழைய கருவியில் தெளிவாகக் கேட்ட பண்பலை நிலையங்கள் இதில் இரைச்சலோடு வருகின்றன. கருவியே பழுதாக இருக்குமோ?

இரண்டாம் கியர் எழுதியது:

எனக்கும் இதே போல நினைவு அழிந்தது. சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாகச் சேர்த்து எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒயரோடு இணைத்துவிட்டேன். அதன் பிறகு ஒரு தொல்லையும் இல்லை.

செம்புக்கம்பி எழுதியது:

இரண்டாம் கியர் அவர்களே, நீங்கள் ஒவ்வொரு முறையும் கருவியைப் பொத்தானால் அணைப்பவராக இருக்க வேண்டும். அந்த இணைப்பில் வண்டி நின்றதைக் கருவி அறிய வழியில்லை. மறந்து இறங்கிவிட்டால், அது அரை ஆம்பியர் மட்டுமே இழுத்தாலும் ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது கால் பங்குக்கும் மேல். இரண்டு மூன்று நாள் வண்டியை எடுக்காவிட்டால் தள்ளி விட ஆள் தேட வேண்டியதுதான்.

புதுச்சாவி அவர்களே, கருவியைக் குறை சொல்லும் முன் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். எட்டு முனை ஐ.எஸ்.ஓ. கப்ளரில் 4-ஆம் முனை நிரந்தர மின்சாரம், 7-ஆம் முனை சாவி மின்சாரம் என்பது பொதுவழக்கம். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் வண்டிகள் பலவற்றில் இவை இரண்டும் இடம் மாறி வரும். இதற்காகவே பல ஹார்னஸ்களில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவழியில் பிரித்துச் செருகக்கூடிய இணைப்பு வைத்திருப்பார்கள். வெட்டாமலேயே மாற்றிப் போடலாம்.

பண்பலைக்கு வேறு காரணம் இருக்கும். கூரையில் உள்ளது குட்டையான ஆன்டெனா என்றால் அதன் அடியில் ஒரு சிறு ஆம்ப்ளிஃபயர் இருக்கும். அதற்கு 12 வோல்ட் வேண்டும். அது தனி ஒயரில் வந்தால் ஹார்னஸின் நீல ஒயர் இணையாமல் தொங்குகிறதா என்று பாருங்கள். ஆன்டெனா கேபிளின் வழியாகவே மின்சாரம் போகும் வண்டி என்றால், அதைக் கேபிளுக்குள் செலுத்தும் சிறு அடாப்டர் ஒன்றை வாங்கி, அதன் ஒயரைக் கருவியின் நீல ஒயரோடு சேர்க்க வேண்டும்.

புதுச்சாவி எழுதியது:

அளந்து பார்த்தேன். சாவியை எடுத்த நிலையில் மஞ்சளில் சுழி, சிவப்பில் 12.4 வோல்ட். நடுவழி இணைப்புகளை மாற்றிச் செருகியதும் நினைவு நின்றுவிட்டது; இரவு முழுவதும் விட்டு, காலையில் பார்த்தபோதும் கடிகாரம் சரியாக இருந்தது. ஆன்டெனா கேபிளின் முனையில் ஃபக்ரா வகைக் கப்ளர் இருப்பதால், மின்சாரம் செலுத்தும் அடாப்டரை அந்த வகையிலேயே வாங்கி நீல ஒயரோடு சேர்த்தேன், இரைச்சல் போய்விட்டது. ஸ்டீரிங் பொத்தான்கள் மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை.

செம்புக்கம்பி எழுதியது:

கருவியின் பின்புறத்தில் ‘கீ 1’, ‘கீ 2’ என்று எழுதிய ஒயர்கள் இருந்தால், பொத்தான் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே ஓம் நிலையில் மீட்டரை வைத்து ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு பொத்தானுக்கும் வெவ்வேறு மின்தடை காட்டினால் அவற்றை நேராக இணைத்து, அமைப்புப் பட்டியலில் ஒவ்வொரு பொத்தானாகக் கற்றுக்கொடுத்தால் போதும். எதுவும் மாறவில்லை என்றால் அவை கேன் பஸ் வழியாகப் பேசுபவை. அதற்கான இடைமுகப் பெட்டி இல்லாமல் முடியாது. அளக்கும்போது மட்டும் பேட்டரி மைனஸைக் கழற்றி வையுங்கள், மின்சாரம் இருக்கும் சுற்றில் ஓம் அளவு பொய் சொல்லும்.