ஆர்கானிக் கொர்பியேர் ரெட் வைன்: திறந்ததும் அழுகிய முட்டை வாடை. கெட்டுவிட்டதா?

தேன்கூடு:
தென் பிரான்சின் கொர்பியேர் வைன். 2022 அறுவடை, கரின்யான் திராட்சை அதிகம், கொஞ்சம் சிரா திராட்சை. லேபிளில் பச்சை இலை முத்திரை, அதன் கீழ் 'எஃப்ஆர்-பயோ-01', இன்னொரு பக்கம் 'மீ ஆன் புத்தேய் ஆ லா ப்ரோப்ரியேத்தே' (தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தது). குடும்பத் தோட்டம் என்று சொல்லி விற்றார்கள். ஆர்கானிக் என்றால் 'சல்ஃபைட் உள்ளது' என்று ஏன் போட்டிருக்கிறது? கார்க்கை எடுத்ததும் அழுகிய முட்டை வாடை, நாக்கில் லேசான சுறுசுறுப்பு வேறு. கொட்டிவிடலாமா?

கொடிப்பந்தல்:
கொட்டாதீர்கள். அந்த வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. கரின்யான் கொடிக்குச் சாம்பல் நோய் சீக்கிரம் வரும். ஆர்கானிக் தோட்டத்தில் அதற்கு முதல் மருந்து கந்தகத் தூள்தான். அறுவடைக்குப் பக்கத்தில் தூவினால் பழத்தோலில் தங்கிய கந்தகத்தை ஈஸ்ட் இந்த வாயுவாக மாற்றிவிடும். சாற்றில் நைட்ரஜன் சத்து குறைந்தாலும் இதேதான்.

வாய் அகன்ற கண்ணாடிக் குடுவையில் உயரத்திலிருந்து வேகமாக ஊற்றி, அரை மணி நேரம் விடுங்கள். பெரும்பாலும் போய்விடும். போகாமல் வெங்காயம், ரப்பர் வாடையாக நின்றால் அது மெர்காப்டன் என்ற வேறொரு கந்தகச் சேர்மம். சுத்தமாகத் தேய்த்த செம்புக் கம்பியால் ஒரு நிமிடம் கிளறிப் பார்க்கலாம். அதற்காகச் செம்புச் சொம்பில் ஊற்றி வைக்காதீர்கள், வைனின் புளிப்பு செம்பைக் கரைத்துவிடும்.

சுறுசுறுப்பு பெரும்பாலும் மிச்சமிருக்கும் கரியமில வாயு. கரின்யானை அங்கே பலர் குலையோடு மூடிய தொட்டியில், கரியமில வாயுவுக்குள் நொதிக்க விடுவார்கள். குடுவையைக் கொஞ்சம் குலுக்கினால் அடங்கும். வைன் கலங்கலாக இருந்து, குமிழியும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால்தான் கவலை: பாட்டிலுக்குள் மறுபடி நொதித்திருக்கிறது.

மஞ்சள்முனை:
சல்ஃபைட் விஷயம். வைன் கெடாமல் காக்கும் கந்தகச் சேர்மம் அது. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினாலே லேபிளில் போட வேண்டும். எதுவும் சேர்க்காவிட்டாலும் ஈஸ்ட்டே அந்த அளவுக்கு உண்டாக்கக்கூடும். ஐரோப்பிய விதிப்படி இனிப்பில்லாத ரெட் வைனுக்கு உச்சவரம்பு 150, ஆர்கானிக்குக்கு 100. குறைவு உண்டு, பூஜ்யம் இல்லை. 'ஆர்கானிக் வைன்' என்ற பெயரே 2012 அறுவடையிலிருந்துதான். அதற்கு முன் 'ஆர்கானிக் திராட்சையில் செய்த வைன்' என்று மட்டுமே போட முடிந்தது.

'எஃப்ஆர்-பயோ-01' சான்று தந்த நிறுவனத்தின் எண், அதாவது எக்கோசெர். குடும்பத் தோட்டம் என்பதற்கு அது சாட்சியில்லை. 'ஆ லா ப்ரோப்ரியேத்தே' என்பதும் அப்படித்தான், கூட்டுறவுச் சங்கங்களும் அதைப் போடலாம். தோளில் பீப்பாய் சுமக்கும் ஆள் படம் இருக்கிறதா பாருங்கள். 'விக்னெரோன் ஆந்தேபாந்தான்' (சுயேச்சை வைன் விவசாயிகள்) சங்கத்தின் முத்திரை அது. சொந்தக் கொடியில் விளைவித்து, தாங்களே நொதிக்க வைத்து, தாங்களே பாட்டிலில் அடைப்பவர்களுக்குத்தான் கிடைக்கும்.

தேன்கூடு:
ஆள் படம் இருக்கிறது, ஃபாயில் மூடியின் மேல். குடுவையில் ஊற்றி இருபது நிமிடம் ஆகிறது, வாடை பாதி இறங்கிவிட்டது. ஆர்கானிக்கிலும் மயில்துத்தம் அடிப்பார்களாமே?

கொடிப்பந்தல்:
அடிப்பார்கள். நம்மூர் திராட்சைக்கும் அடிக்கிற அதே போர்டோ கலவை, மயில்துத்தமும் (செம்பு சல்ஃபேட்) சுண்ணாம்பும். அடிச்சாம்பல் நோய்க்கு (மேலே சொன்ன சாம்பல் நோய் அல்ல, இலை ஈரத்தில் வருவது) ஆர்கானிக்கில் அதைவிட்டால் பெரிதாக வழியில்லை. செம்பு மண்ணில் மக்காது, சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் ஏழு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ செம்பு என்று வரம்பு. ஆண்டுக்கு 4 கிலோ வைத்துக்கொண்டால், 20 சதவீதச் செம்புள்ள தூளில் 20 கிலோ. 20 மில்லிமீட்டர் மழை பெய்தாலே அடித்தது கழுவிப்போகும், திரும்ப அடிக்க வேண்டும். அட்லாண்டிக் மழை வாங்கும் மேற்கு பிரான்சின் போர்டோ பகுதியில் இந்த வரம்புக்குள் நிற்பது பாடு. கொர்பியேரில் வடமேற்கிலிருந்து வறண்ட காற்று வீசி இலையை உலர்த்திவிடும், செம்பு குறைவாகவே போதும். அங்கே தொல்லை சாம்பல் நோய்தான். உங்கள் குடுவையில் இறங்கிக்கொண்டிருக்கும் வாடையும் அநேகமாக அந்த வழியில் வந்ததுதான்.

மஞ்சள்முனை:
16 டிகிரியில் குடியுங்கள். அறைச்சூடு முப்பது என்றால் ஃபிரிட்ஜில் சுமார் இரண்டு மணி நேரம்.