'கிராப்பிள்' என்ற சொல்லுக்குத் தமிழில் எதை ஆளலாம்?

குழுவினருக்கு வணக்கம். கடற்போர் வரலாறு பற்றிய கட்டுரையொன்றைத் தமிழாக்கம் செய்துவரும் எனக்கு, அதில் அடிக்கடி வரும் 'கிராப்பிள்' என்னும் ஆங்கிலச் சொல் குறித்து உங்கள் உதவி தேவைப்படுகிறது.

இது முதலில் ஒரு கருவியின் பெயர். கொக்கியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லொன்றிலிருந்து பிறந்தது. கொக்கியால் குலையைப் பறித்த வழக்கத்தை ஒட்டி, திராட்சையின் ஆங்கிலப் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததாகச் சொற்பிறப்பு அகராதிகள் கூறுகின்றன. எதிரிக் கப்பலின் மீது இரும்புக் கொக்கியை வீசிப் பற்றியிழுக்கும் செயலுக்கும், இருவர் கட்டிப்புரண்டு போரிடுவதற்கும், கடினமான சிக்கலோடு போராடுவதற்கும் இன்று இந்த ஒரே சொல் வழங்குகிறது. முந்தைய ஆண்டு அட்லாண்டிக்கில் அறுந்து மூழ்கிய தந்திக் கம்பியை 1866இல் 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பல் மீட்டதும் இவ்வகைக் கொக்கிகளால்தான்.

மற்போருக்கும் சிக்கலுக்கும் 'மல்லுக்கட்டுதல்' அழகாகப் பொருந்துகிறது. அகராதிகள் தரும் 'போராடுதல்' எனக்கு மிகப் பொதுவாகத் தோன்றுகிறது. இடர்ப்பாடு கொக்கியில்தான். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கரண்டி வடிவில் மிக நெருங்கியது என்றாலும், போர்க்கப்பலிலிருந்து அதை வீசினார்கள் என்றெழுதினால் வாசகர் சிரித்துவிடுவார்.

கடலோர ஊர்களைச் சேர்ந்தவர்கள், பல கொக்கிகள் கொண்ட சிறு நங்கூரத்துக்கும், அறுந்த வலையைக் கடலடியிலிருந்து துழாவி எடுக்கும் கருவிக்கும் தங்கள் பகுதியில் வழங்கும் பெயரை, ஊர்ப் பெயருடன் தெரிவிக்க வேண்டுகிறேன். பழைய நூல்களில் கப்பலைக் கொக்கியிட்டுப் பிடிப்பதற்குத் தனி வினைச்சொல் இருந்தால், அந்த இடத்தைச் சுட்டினால் பேருதவியாக இருக்கும்.