45 எச்.பி. டிராக்டருக்கு ரோட்டரி கட்டர்: 5 அடியா, 6 அடியா?

மேட்டுநிலம்
எஞ்சின் 45 எச்.பி., பின்னாடி கருவியைச் சுத்த வைக்கிற தண்டுல, அதான் பி.டி.ஓ.வில், 38 வருது. நிலம் ரொம்ப நாளா சும்மா கிடக்கு. ஆளுயரப் புல், ஊடே விரல் தடிமன்ல இருந்து மணிக்கட்டு தடிமன் வரைக்கும் செடி, அங்கங்கே கல். டிராக்டர் பின்னாடி மாட்டி, அடியில சுத்தற பிளேடால புல், புதர் வெட்டற கட்டர் வேணும். மீடியம் டியூட்டிதான்னு முடிவு பண்ணிட்டேன். 6 அடி தாராளமா இழுக்கும்ங்கிறார் விக்கிறவர். நம்பலாமா? பிளேடு எதுலயாவது மோதினா கியர்பாக்ஸைக் காப்பாத்த, முறிஞ்சுபோற ஷியர் போல்ட் வெச்சதா, தட்டு நழுவற ஸ்லிப் கிளட்ச் வெச்சதா?

வரப்போரம்
நம்பலாம். அடிக்கு 5 எச்.பி.ன்னு வெச்சாலும் 6 அடிக்கு 30தான். உங்ககிட்ட 38 இருக்கு. அதைவிட முக்கியம், பின்டயரோட வெளி அகலத்தை அளந்து பாருங்க. கட்டர் அதைவிடக் குறுகலா இருந்தா டயர் மிதிச்ச புல் படுத்துக்கும், அடுத்த சுத்துல நிமிர்ந்து நிக்கும். ஷியர் போல்ட் போதும்.

பட்டறைக்காரர்
அடிக்கு 5 எச்.பி. கணக்கு, வழக்கமா வெட்டிட்டு வர்ற புல்லுக்கு. மணிக்கட்டு தடிமன் செடிக்கு அது செல்லாது தம்பி. அங்கே பிளேடு ஒவ்வொரு தடவையும் அடி வாங்குது, அந்த அடி ஷாஃப்ட் வழியா கியர்பாக்ஸுக்குப் போகுது.

மேட்டுநிலம் சார், "மீடியம் டியூட்டி"ங்கிற பேரை மட்டும் நம்பாதீங்க. ஒரு கம்பெனி மீடியம்னு விக்கிறதை இன்னொருத்தர் லைட்னு விப்பாங்க. எத்தனை அங்குலத் தடிமன் வெட்டும்னு கேளுங்க. மீடியம்னா 2 அங்குலம் சொல்லணும், 1 அங்குலம்னு சொன்னா அது லைட். அப்புறம் கியர்பாக்ஸ் எத்தனை எச்.பி.க்குன்னு கேளுங்க. உங்க 38-க்கு நல்லா மேல இருக்கணும். மேல்தகடு 12 கேஜ்னா ஒரு கல் பட்டாலே புடைக்கும். கேஜ் நம்பர் குறையக் குறையத் தகடு தடிமன், 10 கேஜாவது வேணும்.

அகலம் என் கணக்குல 5 அடி.

வரப்போரம்
அண்ணே, 6 அடி கட்டர்ல பாதி அகலத்தை மட்டும் புதருக்குள்ள விட்டு வெட்டலாம். கியரைக் குறைச்சு மெதுவாப் போகலாம், பி.டி.ஓ. மட்டும் நிமிஷத்துக்கு 540 சுத்துல நின்னா சரி. 5 அடியை 6 அடி ஆக்க முடியுமா? புதர் ஒரு தடவைதான். அதுக்கப்புறம் வருஷா வருஷம் புல்தானே?

பட்டறைக்காரர்
பாதி அகலம் விடறது சரிதான், ஒத்துக்கறேன். எடை? டிராக்டரோட தூக்குதிறனை, கருவி மாட்டற லிங்க் கை நுனியில வெச்சுச் சொல்லுவாங்க. கட்டரோட கனம் அதுக்கும் பின்னாடி தள்ளி உட்காருது, அங்கே தூக்குதிறன் குறைஞ்சு போகும். 6 அடி மீடியத்தைத் தூக்கிட்டு மேட்டுல ஏறினா முன் சக்கரம் தரையைச் சும்மா தொட்டுட்டு வரும், ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேக்காது. முன்னாடி வெயிட் மாட்டாம அந்த வேலையே வேண்டாம்.

ஷியர் போல்ட்டுக்கு வர்றேன். கல்லும் அடிக்கட்டையும் உள்ள நிலத்துல போல்ட் அடிக்கடி முறியும். ஒவ்வொரு தடவையும் இறங்கி, ஓட்டையை நேர்படுத்தி, மாட்டணும். மூணாவது தடவை எரிச்சல் வந்து கெட்டியான போல்ட்டைப் போட்டுடுவாங்க. போல்ட் முறியறதுக்குப் பதிலா கியர் பல் முறியும். பட்டறைக்கு வர்ற உடைஞ்ச கியர்பாக்ஸ்ல பாதிக்கு இதுதான் கதை.

வரப்போரம்
அது போல்ட் மேல தப்பா, போட்டவர் மேல தப்பா? ஸ்லிப் கிளட்ச் மட்டும் என்ன, தானாப் பார்த்துக்குமா? மழைக்காலம் முழுக்க வெளியில நின்னா தட்டுகள் துருப்பிடிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். வெளியில பார்த்தா கிளட்ச், உள்ளே ஒரே இரும்புக்கட்டி. போல்ட்டாவது முறியும். ஒட்டிப்போன கிளட்ச் எதையும் காப்பாத்தாது.

பட்டறைக்காரர்
உண்மைதான், அதுக்கு வழி இருக்கு. சீசன் தொடக்கத்துல ஸ்பிரிங் நீளத்தை அளந்து எழுதி வெச்சுக்கங்க. தட்டுகளோட ஓரத்துல சாக்பீஸால குறுக்கே ஒரு கோடு போடுங்க. நட்டுகளைச் சமமா ரெண்டு சுத்துத் தளர்த்தி, பி.டி.ஓ.வை ரெண்டு மூணு வினாடி போட்டு நிறுத்துங்க. ஷாஃப்ட் முழுசா நின்னதும் இறங்கிப் பாருங்க. கோடு கலைஞ்சிருந்தா தட்டு நழுவுதுன்னு அர்த்தம். பழைய நீளத்துக்கே இறுக்கிடுங்க. கலையாம நேரா இருந்தா கழட்டித் துருவைத் தேய்க்கணும். பத்து நிமிஷ வேலை.

வரப்போரம்
பத்து நிமிஷ வேலைதான். நூத்துல எத்தனை பேர் செய்யறாங்க?

ஓரத்து_இருக்கை
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். 6 அடி கட்டர்ல பிளேடு நிமிஷத்துக்குச் சுமார் 800 சுத்து சுத்தினா, நுனி வேகம் மணிக்கு 270 கி.மீ. கிட்ட வருது. அதுல ஒரு கல் பட்டா எங்கே போகும்னு ரெண்டு பேரும் பேசவே இல்லையே. முன்னும் பின்னும் சங்கிலித் திரை இல்லாத கட்டரை எந்த விலையில குடுத்தாலும் வாங்கக்கூடாது. அடியில கிண்ணம் கவுத்த மாதிரி ஸ்டம்ப் ஜம்பர் இருக்கான்னும் பாருங்க. அது இருந்தா அடிக்கட்டை மேல வழுக்கிப் போயிடும்.

இன்னொண்ணு, டிராக்டர்ல சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் சேர்த்து ஒரே கிளட்ச்தானா? அப்படின்னா, விசையை ஒரு பக்கம் மட்டும் கடத்தற ஓவர்ரன்னிங் கிளட்ச் கட்டாயம். இல்லேன்னா நீங்க மிதிச்ச பிறகும் சுத்திட்டிருக்கற பிளேடு டிராக்டரை முன்னாடி தள்ளும். வேலிக்கிட்ட போய் நிறுத்தும்போதுதான் அது தெரியும்.

மேட்டுநிலம்
டபுள் கிளட்ச்தான், அதனால அந்தப் பயமில்லை. டயர் வெளி அகலம் அளந்தேன், 64 அங்குலம்.

வரப்போரம்
பார்த்தீங்களா! 5 அடின்னா 60 அங்குலம். பக்கத்துக்கு 2 அங்குலம் வெட்டாம நிக்கும்.

பட்டறைக்காரர்
ரிம்மைத் திருப்பி மாட்டி டயரை உள்ளே கொண்டு வரலாமே.

வரப்போரம்
மேட்டு நிலத்துல டயரைக் குறுக்கச் சொல்றீங்களா அண்ணே? இப்பதானே முன் சக்கரம் தூக்கும்னு பயமுறுத்தினீங்க. இது பக்கவாட்டுலயே சாய்க்கும்.

பட்டறைக்காரர்
சரி, அது வேண்டாம். திரும்ப எடுத்துக்கறேன். ஆனா 2 அங்குலப் புல்லுக்காக ஒரு அடி கூடுதல் இரும்பைச் சுமக்கச் சொல்றது எனக்கு இன்னமும் ஒப்பலை. அடுத்த சுத்தை முந்தின சுத்து மேல கொஞ்சம் ஏத்தி ஓட்டினா அது வெட்டுப்பட்டுடும்.

புதுசோ பழசோ, வாங்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு கியர்பாக்ஸ் அடியைப் பாருங்க. பிளேடு மாட்டற தண்டுல கம்பியோ கயிறோ சுத்தி ஆயில் சீலைத் தின்னிருக்கும். எண்ணெய் கசிஞ்சு, அதுமேல புல்தூள் கறுப்பா அப்பியிருக்கும். அப்படி இருந்தா எத்தனை அடின்னாலும் வேண்டாம்.

மேட்டுநிலம்
66 அங்குலத்துல ஒண்ணு இருக்காம். சங்கிலித் திரை உண்டு, 2 அங்குலம் வெட்டும்ங்கிறாங்க, ஸ்லிப் கிளட்ச் தனியாப் போட்டுத் தருவாங்களாம். கியர்பாக்ஸ் எத்தனை எச்.பி.ன்னு கேட்டேன், "நல்லா தாங்கும் சார்"னு பதில் வருது. நம்பர் எழுத்துல வரட்டும், அப்புறம் முன்பணம்.

வரப்போரம்
66 அங்குலம் என் பக்கம்தான் சேர்த்தி.

பட்டறைக்காரர்
கிளட்ச் என் பக்கம்.