ஜாகுவார் டி-டைப் நகல் வண்டி: சூடானதும் மிஸ் அடிக்கிறது, ஐந்து நிமிடம் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. உதவி வேண்டும்

பட்டறைக்காரன்:
வணக்கம். இங்கிலாந்தில், மிட்லாண்ட்ஸ் பக்கம், பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். இப்போது கையில் இருப்பது ஜாகுவார் டி-டைப், 1950களின் பந்தயக் கார். அசல் இல்லை, அலுமினியத் தகட்டில் அடித்த நகல். என்ஜின் மட்டும் ஜாகுவாரின் அந்தக் காலத்து ஆறு சிலிண்டர் எக்ஸ்கே 3.8 லிட்டர், பழைய ஜாகுவார் செடானிலிருந்து எடுத்தது. மூன்று வெபர் 45 கார்புரேட்டர், பெட்ரோலுக்கு எலக்ட்ரிக் பம்ப், பின்பக்கம் அலுமினிய டேங்க்.

பத்துப் பதினைந்து நிமிடம் வண்டி பறக்கிறது. அப்புறம் 4000 ஆர்பிஎம்மைத் தாண்டினால் மிஸ் அடிக்கிறது, இழுவையே இல்லை. ஓரமாக அணைத்துப் போட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கிளப்பினால், ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கதை. தீப்பொறி தரும் பக்கத்தில் பிளக், பாயிண்ட், கண்டென்சர், காயில், வயர் எல்லாம் மாற்றியாச்சு. கார்புரேட்டர் பக்கத்து ஃபில்டரையும் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. ஓனருக்கு அடுத்த சனிக்கிழமை வண்டி வேண்டுமாம்.

பிஸ்டன்:
தம்பி, காயில்தான். சூடானால் படுத்துக்கொள்ளும், ஆறினால் எழுந்துகொள்ளும். புதுசு என்று நம்பாதே. கடையில் வாங்கிய புது கண்டென்சரே அரை மணி நேரத்தில் போனதை நானே பார்த்திருக்கிறேன். பழையது ஏதாவது நல்லது இருந்தால் போட்டுப் பார்.

நாலாம் கியர்:
இருங்கள், இன்னொரு காயில் வாங்கும் முன் ரெண்டு கேள்வி. மிஸ் அடிக்கும்போது கார்புரேட்டர் வாய் வழியாகத் துப்புகிறதா, சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறதா? துப்பினால் பெரும்பாலும் பெட்ரோல் பற்றவில்லை. வெடித்தால் தீப்பொறி விட்டுவிட்டு வருகிறது. அடுத்து, காயில் வயரில் டைமிங் லைட்டை (ஒவ்வொரு தீப்பொறிக்கும் மின்னும் விளக்கு) மாட்டி, மிஸ் அடிக்கும் நேரத்தில் பாருங்கள். வெளிச்சம் விடாமல் வந்தால் காயிலை விட்டுவிடலாம்.

பட்டறைக்காரன்:
ரோலிங் ரோட்டில், அதாவது வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பார்க்கும் உருளை மேடையில், ஏற்றிப் பார்த்தேன். வெளிச்சம் ஒரு தடவைகூட விடவில்லை. முன் கார்புரேட்டர் புஸ் புஸ்ஸென்று துப்புகிறது. உடனே அணைத்து பிளக்கைக் கழற்றினால் ஆறு பிளக்கும் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன, பெட்ரோல் பற்றாத அடையாளம்.

பிஸ்டன்:
அப்படியென்றால் நான் வாபஸ்.

லெமான் பைத்தியம்:
சார், நீங்கள் சொல்வதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் வண்டியின் தாத்தாவுக்கு வந்த அதே நோய்! பிரான்சில் நடந்த 1954 லெமான் 24 மணி நேரப் பந்தயம்தான் டி-டைப்புக்கு முதல் பெரிய களம். மால்கம் சேயர் விமானக் கம்பெனியிலிருந்து ஜாகுவாருக்கு வந்தவர், காற்றைக் கிழிக்கிற மாதிரி உடம்பை வரைந்தார். நடுப்பகுதி விமான உடல் போல தகட்டாலேயே ஆன கூடு, தனிச் சட்டம் கிடையாது. பானெட் தாழ்வாக இருக்க வேண்டுமென்று என்ஜினுக்கு டிரை சம்ப் (ஆயிலை அடியில் தேக்காமல் தனித் தொட்டியில் வைக்கும் முறை) வைத்து, அதை 8.5 டிகிரி சாய்த்தும் உட்கார வைத்தார்கள். நேர்சாலையில் மணிக்கு 270 கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி. ஆனால் பந்தயம் தொடங்கிச் சில மணி நேரத்துக்குள் ஜாகுவார் இறக்கிய மூன்று டி-டைப்பும் மிஸ் அடிக்க ஆரம்பித்தன. பெட்ரோலில் வந்த நைசான சாம்பல் நிறத் தூள் ஃபில்டரை அடைத்திருந்தது. ஃபில்டரைக் கழற்றி எறிந்த பிறகுதான் வண்டி ஓடியது.

நாலாம் கியர்:
அந்த வருஷம் ஜாகுவார்தானே ஜெயித்தது?

லெமான் பைத்தியம்:
இல்லை. டி-டைப் ஜெயித்தது 1955, 56, 57 மூன்று வருஷமும். 1954இல் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஓட்டிய வண்டி இரண்டாவது. கொன்சாலஸ், திரிந்தினியான் ஓட்டிய 4.9 லிட்டர் ஃபெராரி முதலில். வித்தியாசம் ஒரு சுற்றுக்கும் குறைவு! ஃபில்டரில் போன நேரத்தை யோசித்தால் வயிறு எரிகிறது. இதில் வேடிக்கை, கடைசியில் மழையில் இக்னிஷன் நனைந்து கிளம்பாமல் நின்றது அந்த ஃபெராரிதான். அவர்கள் செய்தார்கள் என்று நீங்களும் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டுக்குள் தூசி போய்விடும்.

நாலாம் கியர்:
சரி, விஷயத்துக்கு வருவோம். பம்புக்குப் பின்னால் இருக்கும் ஃபில்டர் சுத்தம் என்றால், அடைப்பு பம்புக்கு முன்னால். டேங்குக்குள் வலை உண்டா? ஃபோம் நிரப்பியிருக்கிறதா? பம்பு உறிஞ்சும்வரை குப்பை வலையில் ஒட்டிக்கொண்டிருக்கும், அணைத்ததும் கீழே உதிரும். அதனால்தான் ஐந்து நிமிடத்தில் உங்களுக்குச் சரியாகிறது. கார்புரேட்டர் பக்கத்து குழாயைக் கழற்றி ஒரு கேனில் விட்டுப் பாருங்கள். ஒழுக்கு போகப் போக மெலிந்தால் சந்தேகமே வேண்டாம். வெளியே, ஆறிய என்ஜினில், பக்கத்தில் தீயணைப்பானை வைத்துக்கொண்டு.

பட்டறைக்காரன்:
அண்ணா, உங்கள் காலில் விழாத குறைதான். முதல் நிமிடம் கேனில் தடியாக விழுந்தது, நாலாவது நிமிடத்தில் நூல் மாதிரி ஆகிவிட்டது. டேங்கைக் காலி செய்து மூடியைத் திறந்தேன். பெட்ரோல் அலம்பாமலிருக்க முன்பு யாரோ மஞ்சள் ஃபோம் கட்டிகளை அடைத்திருக்கிறார்கள். கையில் எடுத்தால் ஊறிய ரஸ்க் மாதிரி பிய்கிறது, விரலில் தேய்த்தால் மாவு. வெளியேறும் குழாயின் வலை முழுக்க அதே மாவு அப்பியிருந்தது.

லெமான் பைத்தியம்:
அசல் வண்டியில் இந்த ஃபோம் தொல்லைக்கே இடமில்லை. அதில் வாலுக்குள் இருந்தது உலோக டேங்க் இல்லை, விமானத்தில் வைப்பது போன்ற ரப்பர் பை.

பிஸ்டன்:
தம்பி, அங்கே 2021 செப்டம்பரிலிருந்து சாதா பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் அல்லவா? பழைய ஃபோம் அதில் சீக்கிரம் உதிரும். போடுவதானால் எத்தனால் தாங்கும் ஃபோம் என்று கேட்டு வாங்கு. மூன்று கார்புரேட்டரிலும் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தை, அதாவது ஃப்ளோட் சேம்பரை, திறந்து கழுவு, ஜெட்டைக் கம்பியால் குத்தாதே, காற்றடித்தால் போதும்.

பட்டறைக்காரன்:
ஃபோம் முழுவதையும் எடுத்து, டேங்கை மூன்று தடவை அலசி, பம்புக்கு முன்னால் கண்ணாடிக் கிண்ண ஃபில்டர் ஒன்று வைத்தேன். ஃப்ளோட் சேம்பரில் ஒரு ஸ்பூன் மஞ்சள் சேறு இருந்தது. நேற்று நாற்பது நிமிடம் ஓட்டினேன், 5500 வரை ஒரு தடங்கலும் இல்லை. வாங்கிய ரெண்டு காயிலும் மேசையில் சும்மா கிடக்கின்றன. பிஸ்டன் அண்ணனுக்கு வேண்டுமானால் தபாலில் அனுப்புகிறேன்.