புரோநோட்டு வழக்கும் இலவசச் சட்ட உதவியும்: ஓர் அனுபவம்

எங்கள் தெருவில் வசிக்கும், கணவரை இழந்த ஓர் அம்மா, கணவர் எழுதிக்கொடுத்திருந்த புரோநோட்டின் (கடனைத் திருப்பித் தருவதாக எழுதித் தரும் உறுதிச் சீட்டின்) பேரில் தம்மீதும் மகன்மீதும் தொடரப்பட்ட வழக்கின் சம்மனோடு என்னிடம் வந்தார். நோட்டு எழுதி மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டதால் வழக்கு நிற்காது என்றும், பணம் கொடுத்தால் தாமே முடித்துத் தருவதாகவும் இடைத்தரகர் ஒருவர் அதற்குள் அவரிடம் சொல்லியிருந்தார்.

நீதிமன்ற வளாகத்திலேயே இருந்த, இலவசச் சட்ட உதவி வழங்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவின் அலுவலகத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன். மகன் சம்பாதிப்பதால் தமக்கு இலவச உதவி கிடைக்காது என்று அவர் தயங்கினார். ஆனால் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு பெண்களுக்கு வருமான வரம்பு எதையும் வைக்கவில்லை. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் அப்படியே. இது இன்னும் பல வீடுகளுக்குத் தெரியாமலிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

குழு நியமித்த வழக்கறிஞர், அந்த அம்மாவின் கதையை முழுவதும் கேட்டபின், நோட்டின் நகலை வாங்கித் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வழக்குத் தொடர்வதற்கான அந்த மூன்றாண்டுக் கெடு முடியுமுன்பே ஒரு தொகையைச் செலுத்தி, அங்கே எழுதப்பட்டிருந்த அந்த வரவின்கீழ் கணவர் கையெழுத்திட்டிருந்ததால், காலவரம்பு அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கியிருந்தது. ஆகவே காலாவதி என்ற வாதம் எடுபடாது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அதேசமயம், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மட்டுமே வாரிசுகள் பொறுப்பு, அவரவர் சொந்தச் சம்பாத்தியத்தில் கைவைக்க முடியாது என்பதையும் விளக்கினார். மகனின் சம்பளம் போய்விடும் என்று அஞ்சிக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்கு அந்த ஒரு விளக்கமே பெரிய ஆறுதலாக இருந்தது. முடியாததை முடியாது என்று சொல்லும் ஆலோசகரையே நம்பலாம் என்பது என் உறுதியான கருத்து.

சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் எதிருரை (வழக்குக்கான எழுத்துமூலப் பதில்) தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் அந்த வேலை உடனே தொடங்கியது. பின்னர், வழக்குகளைச் சமரசமாக முடித்துவைக்கும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) தவணை முறையில் சமரசம் ஏற்பட்டது. அங்கே பிறப்பிக்கப்படும் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை என்பதை, கையெழுத்திடுவதற்கு முன்பே வழக்கறிஞர் அவருக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார்; கட்டணம் எதுவும் அவரிடம் கேட்கவில்லை.

இப்போது யாரேனும் உதவி கேட்டு வந்தால், சம்மன் கைக்கு வந்த தேதியை முதலில் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். ஆவணங்களின் இரு பக்கங்களையும் நகலெடுக்கச் சொல்கிறேன். நேரில் செல்ல இயலாதவர்களுக்கு 15100 என்ற உதவி எண்ணைத் தருகிறேன்.